முதலில் ஸ்கேல், அப்புறம் செல்ஃபி

போன டிசம்பர். கடைசி எக்ஸாம் முடிந்த மறுநாள். ஹாஸ்டலில் பாதி பேர் ஊருக்கு பஸ் ஏறிவிட்டார்கள். மீதி இருந்த நாங்கள் அஞ்சு பேர் விடியற்காலை நாலரை மணிக்கு மூணு பைக்கில் கிளம்பி, கோவளம் முகத்துவாரத்துக்குப் போனோம். முட்டுக்காடு கழி கடலைத் தொடும் இடம். மழை முடிந்து மணல் திட்டு உடைந்து, தண்ணீர் உள்ளேயும் வெளியேயும் ஓடிக்கொண்டிருந்தது. கையில் ஆன்லைனில் வாங்கிய ராடு, ரீல், நாலு லூர், ஒரு டப்பாவில் உயிர் இறால்.

அன்று எங்களுக்கு அடித்தது யோகம். எட்டு மணிக்குள் 11 கொடுவா! ஒன்றுக்குப் பின் ஒன்றாக ராடு வளைகிறது, நாங்கள் கத்துகிறோம், கரையில் நின்ற நாய்கூட எங்களோடு சேர்ந்து குரைக்கிறது. பெரியது 31 சென்டிமீட்டர். அதை எப்படித் தெரியும் என்கிறீர்களா? என்னிடம் ஸ்டீல் ரூல் ஒன்று எப்போதும் பையில் இருக்கும், மெக்கானிக்கல் படிக்கிறவனின் சாபம். பதினொன்றையும் வாழை இலையில் வரிசையாக அடுக்கி போட்டோ எடுத்து இன்ஸ்டாவில் போட்டேன். லைக் குவிந்தது. மீனை நண்பன் வீட்டில் வறுத்துச் சாப்பிட்டோம். தலா ரெண்டு மீன், மேலே ஒன்று பங்கு பிரித்தோம். அவ்வளவுதான் சதை.

லீவு முடிந்து கேன்டீனில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது செகண்ட் இயர் தம்பி ஒருவன் வந்து உட்கார்ந்தான். கடலோரக் குப்பத்துப் பையன், அப்பா ஃபைபர் படகு வைத்திருக்கிறார். போட்டோவைப் பார்த்தானாம்.

"அண்ணா, அது அத்தனையும் குஞ்சுண்ணா."

எனக்குச் சுருக்கென்றது. வழக்கம்போல எதிர்த்து ஒரு கேள்வி கேட்டேன்: "ஏன், உங்க அப்பா வலையில குஞ்சு வந்தா திருப்பி விட்டுடுவாரா?"

அவன் கோபப்படவில்லை. "விடுவாருன்னு பொய் சொல்ல மாட்டேண்ணா. அவருக்கு டீசல் கடன் இருக்கு, வலைக் கடன் இருக்கு. உங்களுக்கு என்னண்ணா கடன்?"

டீ ஆறிப்போச்சு. இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கு நான் தேடிய பதில். நீங்களும் வார இறுதியில் ராடு தூக்கிக்கொண்டு ஈ.சி.ஆர் பக்கம் போகிற ஆள் என்றால், இது உங்களுக்கும் சேர்த்துத்தான்.

31 சென்டிமீட்டர் கொடுவா யார்?

முதலில் அந்த மீனைப் பற்றிக் கொஞ்சம். கொடுவா கடலோரத்தில், முகத்துவாரங்களை ஒட்டிய உப்புத் தண்ணீரில் முட்டையிடும். குஞ்சுகள் அலையோடு கழிகளுக்குள், சதுப்புகளுக்குள் வந்து ஒளிந்து வளரும். அங்கே இரை அதிகம், பெரிய எதிரிகள் குறைவு. நாம் ராடு வீசி நிற்கும் அந்த அழகான இடம் கொடுவாவுக்கு எல்.கே.ஜி கிளாஸ்ரூம்.

அடுத்த விஷயம் கேட்டபோது எனக்கே ஆச்சரியம். கொடுவா முதலில் ஆணாகத்தான் பருவத்துக்கு வரும். ஏறக்குறைய 60 சென்டிமீட்டர் நெருங்கும்போது ஆணாக இனப்பெருக்கத்தில் சேரும். சில வருடங்கள் கழித்து, கிட்டத்தட்ட ஒரு மீட்டர் நீளத்தை நெருங்கும்போது பெண்ணாக மாறும். அதாவது கடலில் நீங்கள் பார்க்கும் பெரிய கொடுவா எல்லாமே அநேகமாக அம்மாக்கள். ஒரு காலத்தில் அவையே அப்பாக்கள்.

இப்போது எங்கள் பதினொன்றுக்கு வாருங்கள். அதில் ஒன்றுகூட அப்பாவாகக்கூட ஆகவில்லை. அம்மா ஆவதற்கு இன்னும் மூணு மடங்கு நீளம் வளர வேண்டும். ஒரு தடவைகூடத் தன் இனத்துக்கு ஒன்றும் திருப்பிக் கொடுக்காத 11 மீன். அதைத்தான் வாழை இலையில் அடுக்கி நான் "பீஸ்ட் மோட்" என்று எழுதியிருந்தேன்.

இதில் ஒரு நகைமுரணும் உண்டு. இந்தியாவில் கொடுவாவைப் பண்ணையில் இனப்பெருக்கம் செய்ய முடியும் என்று 1997-இல் செய்து காட்டியது சென்னையில் இருக்கும் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம். அவர்களின் ஆய்வு நிலையம் இருப்பது அதே முட்டுக்காட்டில். தாய் மீனைத் தொட்டியில் வைத்து, ஊசி போட்டு, முட்டையிட வைத்து, குஞ்சைக் கண்ணுங்கருத்துமாக வளர்க்கிறார்கள். அந்த ஊர்க் கழியில்தான் நாங்கள் குஞ்சைப் பிடித்து வறுத்தோம்.

அளவு விதி என்றால் என்ன?

உலகத்தில் பல நாடுகளில் பொழுதுபோக்காக மீன் பிடிப்பவனுக்கும் விதி உண்டு. இந்த மீன் இத்தனை சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது. ஒரு நாளைக்கு இத்தனைதான் எடுக்கலாம். இந்த மாதங்களில் தொடவே கூடாது. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் இதே கொடுவாவுக்கு, அவர்கள் பாரமுண்டி என்பார்கள், குறைந்தபட்ச அளவு 58 சென்டிமீட்டர். என் 31 சென்டிமீட்டர் ஹீரோ அங்கே பாதி டிக்கெட்.

பின்னால் இருக்கும் கணக்கு ரொம்ப எளிது. ஒரு மீன் பிடிபடுவதற்கு முன் ஒரு முறையாவது இனப்பெருக்கம் செய்ய வாய்ப்பு கொடு. அது எந்த நீளத்தில் பருவத்துக்கு வருகிறதோ, அதை ஒட்டிக் கோடு போடு. ஐரோப்பாவில் கடல் பாஸ் மீனுக்கு ரொம்ப காலம் 36 சென்டிமீட்டர் என்றுதான் விதி இருந்தது. பெண் மீன் பருவத்துக்கு வருவதே 42 சென்டிமீட்டர் வாக்கில்தான். அப்புறம் அந்த விதியால் என்ன லாபம்? மீன் வளம் சரிந்த பிறகு 2015-இல் அதை 42 ஆக உயர்த்தினார்கள். தூண்டில்காரனுக்கும் அதே 42 தான்.

"அது வெள்ளைக்காரன் ஊர் சமாச்சாரம்" என்று தள்ளிவிடாதீர்கள். பக்கத்துக் கேரளாவில் 2015-இல் 14 வகை மீன்களுக்குக் குறைந்தபட்ச அளவு அறிவித்தார்கள். 2017-இல் அதை 58 வகையாக விரித்தார்கள். மத்திக்கு 10 சென்டிமீட்டர், கானாங்கெளுத்திக்கு 14 சென்டிமீட்டர். நம் சிங்கி இறாலுக்கே ஒரு கணக்கு இருக்கிறது. ஏற்றுமதி செய்ய வேண்டுமானால் வகையைப் பொறுத்து இத்தனை கிராமுக்குக் குறையக் கூடாது என்று மத்திய வர்த்தக அமைச்சகம் 2003-லேயே வரம்பு வைத்தது.

கவனியுங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு அளவு. 14 சென்டிமீட்டர் கானாங்கெளுத்தி வளர்ந்த ஆள், 14 சென்டிமீட்டர் கொடுவா கைக்குழந்தை. "கை அளவு இருந்தா ஓகே மச்சி" என்ற நம்ம ஊர் ஃபார்முலா அதனால்தான் செல்லாது. மீனின் பெயர் தெரியாமல் அளவு பேச முடியாது.

பெரியதையும் விடணுமா?

இங்கேதான் பலருக்கு உதைக்கும். எனக்கும் உதைத்தது. சின்னதை விடச் சொன்னால் சரி, வாழ்க்கையில் ஒரு முறை மாட்டும் பெரிய மீனையும் விடச் சொன்னால் எப்படி?

குவீன்ஸ்லாந்து விதியில் கொடுவாவுக்கு மேல் வரம்பும் உண்டு. 120 சென்டிமீட்டரைத் தாண்டினால் அதையும் விட்டுவிட வேண்டும். 58-க்கும் 120-க்கும் நடுவில் இருப்பதை மட்டும் எடுக்கலாம். நம்ம மெட்ராலஜி லேபில் கோ, நோ-கோ கேஜ் வைத்துப் பார்ப்போமே, அதே கதை. ஒரு பக்கம் நுழையணும், இன்னொரு பக்கம் நுழையக் கூடாது. ரெண்டு லிமிட்டுக்கும் நடுவில் இருந்தால்தான் பாஸ்.

ஏன் மேல் வரம்பு? பெரிய கொடுவா பெண் என்று பார்த்தோம். நீளம் இரட்டித்தால் எடை ஏறக்குறைய எட்டு மடங்கு ஆகும், கன அளவு நீளத்தின் மும்மடிக்கு ஏற்பத்தான் கூடும். ஆனால் முட்டை எண்ணிக்கை பல மீன் இனங்களில் எடையைவிடவும் வேகமாக ஏறுகிறது. 2018-இல் வெளியான ஓர் ஆய்வு 300-க்கும் மேற்பட்ட கடல் மீன் இனங்களைப் பார்த்தது. அதில் வரும் உதாரணம்: 30 கிலோ எடையுள்ள ஒரே ஒரு பெண் அட்லாண்டிக் காட் மீன், 2 கிலோ எடையுள்ள 28 பெண் மீன்கள் சேர்ந்து இடுவதைவிட அதிக முட்டை இடுகிறது. எடையில் 15 மடங்குதான், முட்டையில் 28 மடங்குக்கு மேல். கிழவி என்று நாம் நினைக்கும் மீன்தான் அந்த ஊர்க் கடலின் ஃபேக்டரி. அதைத் தோளில் தூக்கிப் போஸ் கொடுத்து மார்க்கெட்டில் விற்பது, ஃபேக்டரியை இரும்பு விலைக்குப் போடுவது மாதிரி.

களவா மீன் கதை தலைகீழ். பெரும்பாலான களவா வகைகள் பெண்ணாக ஆரம்பித்து, பெரிதான பிறகு சில மட்டும் ஆணாக மாறும். அங்கே பெரியதையெல்லாம் பிடித்துவிட்டால் ஆண் பஞ்சம். ஆக எந்தப் பக்கம் இருந்து பார்த்தாலும், "பெருசா மட்டும் பிடி" என்பதும் தீர்வு இல்லை, "கிடைச்சதெல்லாம் பிடி" என்பதும் தீர்வு இல்லை.

"ட்ராலர்காரன் டன் கணக்குல அள்றான் மச்சி!"

இந்தக் கட்டுரையை எழுதப் போகிறேன் என்றதும் என் ரூம்மேட் சொன்ன முதல் வாக்கியம் இது. நியாயமான கேள்வி. இழுவலை ஒரு தடவை இழுத்தால் கோழித் தீவனத்துக்குப் போகும் குஞ்சு எத்தனை கூடை இருக்கும் என்பது காசிமேட்டில் ஒரு காலை நின்றவர்களுக்குத் தெரியும். நம் ராடையும் அந்த வலையையும் ஒரே தராசில் வைக்க முடியாது. வைக்கவும் இல்லை. வலைக் கண்ணி அளவு, இழுவலைக் கட்டுப்பாடு எல்லாம் தீவிரமாகச் செய்ய வேண்டியவை. அதில் எனக்கு மாற்றுக் கருத்து கிடையாது.

ஆனால் மூணு விஷயம் யோசியுங்கள்.

ஒன்று, இடம். இழுவலைப் படகு கழிக்குள் வராது. முகத்துவாரத்தில், பாலத்தடியில், தூண்டில் வளைவுக் கல்லுக்கு அடியில் ஒதுங்கி இருக்கும் குஞ்சைத் துல்லியமாகக் குறி வைத்துப் பிடிப்பது நாம். அதுவும் இப்போது "ஸ்பாட்" லொகேஷனை வாட்ஸ்அப் குழுவில் போட்டால் அடுத்த ஞாயிறு நாற்பது ராடு நிற்கிறது. கடல் முழுக்கப் பார்த்தால் நாம் தூசு. அந்த ஒரு கழியைப் பார்த்தால் தூசு இல்லை.

ரெண்டு, வரலாறு. பொழுதுபோக்குத் தூண்டிலால் மீன் வளம் ஆட்டம் காணாது என்பவர்கள் அமெரிக்காவின் கிழக்குக் கரையில் ஸ்ட்ரைப்டு பாஸ் மீனின் கதையைப் படிக்க வேண்டும். எழுபதுகளின் கடைசியில் அந்த மீன் சரிந்தது. 1985-இல் மேரிலாந்து மாகாணம் அதைப் பிடிக்கவே தடை போட்டது, ஐந்து வருடம். கடுமையான அளவு விதிகளோடு மீன் மெல்லத் திரும்பி வந்தது. 1995-இல் மீண்டுவிட்டது என்று அறிவித்தார்கள். கொண்டாட்டம். பிறகு? அந்த மீனில் பெரும்பங்கைப் பிடிப்பது வணிகப் படகுகள் இல்லை, நம்மைப் போன்ற வார இறுதி ராடுக்காரர்கள். மறுபடி சரிவு. 2020-இல் கடலோரத் தூண்டில்காரர்களுக்கு 28 முதல் 35 அங்குலம் வரைதான் எடுக்கலாம் என்று கேஜ் வைத்தார்கள். அதுவும் போதாமல் 2023-இல் மேல் வரம்பை 31 அங்குலமாக இறுக்கினார்கள். ஆளுக்கு ஒரு மீன் தான், ஆனால் ஆட்கள் லட்சக்கணக்கில். நம் கரையிலும் ராடு விற்பனை எந்தத் திசையில் போகிறது என்று உங்களுக்கே தெரியும்.

மூணு, இதுதான் எனக்கு முக்கியம். ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் நம் கிழக்குக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. மீன் இனப்பெருக்கக் காலம் என்று தடை. அந்த ரெண்டு மாதம் படகில் வேலை செய்யும் குடும்பங்கள் நிவாரணத்தையும் கைமாற்றையும் வைத்து ஓட்டுகின்றன. அந்தத் தடை ராடுக்காரனைக் கட்டுப்படுத்தாது. நமக்கோ அது செமஸ்டர் லீவு. ஒருத்தர் அடுப்பை அணைத்துவிட்டு மீன் பெருகட்டும் என்று காத்திருக்கும்போது, நாம் அதே கரையில் நின்று அந்த மீனைப் பிடித்து போட்டோ போடுகிறோம். சட்டப்படி தப்பில்லாமல் இருக்கலாம். தம்பி கேட்டது சட்டக் கேள்வி இல்லையே. "உங்களுக்கு என்ன கடன்?" என்றுதான் கேட்டான்.

"விட்டாலும் செத்துத்தானே போகும்?"

இதுவும் பாதி உண்மை. ஸ்ட்ரைப்டு பாஸ் கணக்கில், பிடித்து விடும் மீன்களில் 9 சதவீதம் இறந்துவிடும் என்று வைத்துக்கொள்கிறார்கள். கேட்க சின்ன எண். ஆனால் வருடத்துக்கு லட்சக்கணக்கில் பிடித்து விடும்போது அது பெரிய குவியல். ஆகவே "நான் விட்டுட்டேன், எனக்குப் பாவம் இல்லை" என்று சொல்வதற்கு முன்னால் எப்படி விட்டோம் என்று பார்க்க வேண்டும். மோசமாக விடுவது, மெதுவாகக் கொல்வது. அவ்வளவுதான் வித்தியாசம்.

நம் ஆட்கள் செய்யும் தப்புகளை வரிசையாகச் சொல்கிறேன். எல்லாம் நானும் செய்தவை.

மீனைச் சூடான மணலில் புரள விடுவது. மீன் உடம்பு வழவழப்பாக இருப்பது சும்மா இல்லை. அந்த வழுவழுப்புப் படலம்தான் அதற்குக் கிருமித் தடுப்பு. மணலும் காய்ந்த துணியும் அதை உரித்துவிடும். கையைத் தண்ணீரில் நனைத்துவிட்டுத்தான் தொட வேண்டும்.

செவுளுக்குள் விரல் விட்டுத் தூக்குவது. அது மீனின் நுரையீரல் மாதிரி. உங்கள் நுரையீரலுக்குள் யாராவது விரல் விட்டுத் தூக்கி செல்ஃபி எடுத்தால் எப்படி இருக்கும்?

முள்ளை முழுங்க விட்டுப் பிறகு குடலோடு பிடுங்குவது. இரை வைத்துப் பிடிப்பவர்கள் வட்ட முள் பயன்படுத்தினால் பெரும்பாலும் வாயோரத்தில் மாட்டும். அமெரிக்காவில் ஸ்ட்ரைப்டு பாஸுக்கு இரை வைத்துப் பிடிப்போருக்கு 2021 முதல் வட்ட முள் கட்டாயம். முள்ளின் எதிர்க்கொக்கியை இடுக்கியால் நசுக்கிவிட்டால் கழற்றுவது இன்னும் சுலபம். ஆழமாக முழுங்கிவிட்டதா? பிடுங்காதீர்கள். நரம்பை வாய்க்குக் கிட்டே வெட்டிவிட்டு விடுங்கள், அதற்குப் பிழைக்க வாய்ப்பு அதிகம்.

ஆழத்தில் இருந்து ஏற்றுவது. படகு ஏற்பாடு செய்து பாறைப் பக்கம் ஜிக்கிங் போகிறவர்கள் கவனிக்க. பாயில் விதி ஞாபகம் இருக்கிறதா? 30 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் சுமார் 4 அட்மாஸ்ஃபியர். மேலே வந்தால் 1. மீனின் காற்றுப்பைக்குள் இருக்கும் வாயு நாலு மடங்கு விரியப் பார்க்கும். வயிறு உப்பி, கண் பிதுங்கி, இரைப்பை வாய் வழியே வெளியே தள்ளிய களவாவைப் பார்த்திருப்பீர்கள். அதைத் தண்ணீரில் போட்டால் மிதக்கும், பருந்துக்கு விருந்து. அதை ஈயக் கட்டியோடு சேர்த்து ஆழத்துக்கு இறக்கி விடும் கருவிகள் இருக்கின்றன. கருவி இல்லையா? அப்படியானால் ஆழத்தில் உங்களுக்கு வேண்டிய அளவு மீன் கிடைத்ததும் நிறுத்திவிடுங்கள். "பிடித்துப் பிடித்து விடுவேன்" என்ற கதை அங்கே செல்லாது.

"நான் விட்டா பக்கத்துல நிக்கிறவன் பிடிப்பான்"

பிடிக்கலாம். பிடிக்காமலும் போகலாம். ஆனால் இந்த வாதத்தை முழுசாக ஒத்துக்கொண்டால் உலகத்தில் எந்தப் பொதுச் சொத்தும் மிஞ்சாது. ஹாஸ்டல் மெஸ்ஸில் அப்பளம் ஞாபகம் இருக்கட்டும். "நான் எடுக்கலேன்னா அவன் எடுப்பான்" என்று முதல் இருபது பேர் அஞ்சு அஞ்சு எடுத்தால், கடைசி வரிசைக்குக் காலித் தட்டு. அப்பளமாவது நாளைக்கு மறுபடி பொரிப்பார்கள்.

ஒன்று தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பக்கத்தில் தக்கை போட்டு உட்கார்ந்திருக்கும் பெரியவர் ராத்திரிக் குழம்புக்கு நாலு கிழங்கான் பிடிக்கிறார் என்றால், இந்தக் கட்டுரை அவருக்கு இல்லை. அவரிடம் போய் ஸ்கேலை நீட்டிப் பாடம் நடத்துவதைவிட அசிங்கம் வேறில்லை. நான் பேசுவது எட்டாயிரம் ரூபாய் ரீல் வைத்திருக்கும் நம்மிடம். நமக்குப் பசி இல்லை, கடன் இல்லை. நமக்கு வேண்டியது ராடு வளையும் அந்த நிமிஷம். அது மீனைக் கொல்லாமலே கிடைக்கிறதே!

விதி வேண்டுமா என்று கேட்டால், வேண்டும் என்றுதான் சொல்வேன். பொழுதுபோக்காகப் பிடிப்பவர்களுக்கு எந்த மீன், எத்தனை சென்டிமீட்டர், ஒரு நாளைக்கு எத்தனை என்று படத்தோடு ஒரு பலகை ஒவ்வொரு முகத்துவாரத்திலும் தமிழில் நிற்க வேண்டும். அந்த அளவுகளை நம் கடலில் வளரும் மீனை அளந்து முடிவு செய்ய வேண்டும், குவீன்ஸ்லாந்து எண்ணை அப்படியே நகல் எடுக்கக் கூடாது. தண்ணீர் மாறினால் மீன் பருவத்துக்கு வரும் நீளமும் கொஞ்சம் மாறும். வயிற்றுக்காகப் பிடிப்பவரையும் பொழுதுபோக்குக்காகப் பிடிப்பவரையும் எப்படிப் பிரிப்பது என்பது கஷ்டமான கேள்வி, அதையும் மீனவர்களை உட்கார வைத்துத்தான் பேச வேண்டும். இதெல்லாம் நடக்க நாளாகும். அதுவரை நமக்கு நாமே.

எங்கள் குழுவின் விதிகள்

நாங்கள் அஞ்சு பேர் உட்கார்ந்து எழுதிக்கொண்டவை இவை. காப்பியடிக்கலாம், பிளேஜியரிசம் செக் கிடையாது.

1. ராடின் கைப்பிடிக்கு மேலே 30, 45, 60 சென்டிமீட்டர் இடங்களில் கலர் டேப் ஒட்டு. மீனைத் தண்ணீர் ஓரத்திலேயே ராடோடு வைத்துப் பார். மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை முழு நீளம். கண்ணால் மதிப்பிடாதே, எல்லார் கண்ணும் தன் மீனுக்கு அஞ்சு சென்டிமீட்டர் கூட்டித்தான் பார்க்கும்.

2. கொடுவா 60-க்குக் கீழே இருந்தால் விடு. ஒரு மீட்டரைத் தாண்டினால், அழுதுகொண்டாவது விடு.

3. பெயர் தெரியாத மீன் என்றால் விடு. பெயர் கேட்டு வந்த பிறகு அடுத்த முறை பார்க்கலாம்.

4. எடுத்துப் போவது ஆளுக்கு ஒன்று, அதிகபட்சம் ரெண்டு. சமைக்க ஆள் இல்லாத நாளில் பூஜ்யம்.

5. மீன் தண்ணீருக்கு வெளியே இருப்பது உன்னால் மூச்சைப் பிடிக்க முடிகிற நேரம் மட்டும். போட்டோ அதற்குள் வராவிட்டால் போட்டோ வேண்டாம்.

6. குஞ்சு மட்டுமே மாட்டிக்கொண்டிருக்கும் இடத்தை விட்டு நகர். அது ஸ்பாட் இல்லை, ஸ்கூல்.

7. லொகேஷனைப் பொதுவில் போடாதே. அறுந்த நரம்பைக் கரையில் போடாதே.

இதில் அஞ்சாவது விதிதான் முதல் மாதம் அதிகம் உடைந்தது. உண்மையைச் சொல்கிறேன், லைக் ஆசை லேசில் போகாது.

மறுபடி கோவளம்

போன மாதம் அந்தத் தம்பியையும் கூட்டிக்கொண்டு போனோம். அவன் ராடு பிடிக்க மாட்டேன் என்றுவிட்டான். "வீட்டுல தினமும் அதேதான்ணா" என்று கல்லில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தான். ரெண்டு மணி நேரம் ஒன்றும் இல்லை. ஆறரை மணிக்கு என் லூரை ஏதோ அடித்தது. டிசம்பரில் பிடித்த பதினொன்றும் சேர்ந்து இழுத்தாலும் அந்த வேகம் வராது. தண்ணீரை விட்டு எகிறித் தலையை உதறியபோது கொடுவா என்று தெரிந்தது. கை நடுங்கியது. பத்து நிமிஷம் கழித்து ஓரத்துக்கு வந்தது. கையை நனைத்துவிட்டுப் பிடித்தேன், தம்பி இறங்கி வந்து ராடை வைத்து அளந்தான்.

54.

"ஆறு சென்டிமீட்டர்தானேடா குறையுது, டாலரன்ஸ் விட மாட்டியா?" என்று பின்னால் ஒருத்தன் கத்தினான். எனக்கும் அதே எண்ணம்தான் ஓடியது. பொய் சொல்லவில்லை, மனசு அடித்துக்கொண்டது. ரெண்டு கிலோவுக்கு மேல் இருக்கும், இதுவரை நான் பிடித்ததிலேயே பெரியது. முள்ளைக் கழற்றி, தலையை ஓட்டத்துக்கு எதிராகத் திருப்பிப் பிடித்துக்கொண்டேன். செவுள் ரெண்டு மூணு முறை திறந்து மூடியது. அப்புறம் வாலால் என் முகத்தில் தண்ணீர் அடித்துவிட்டுப் போய்விட்டது. போட்டோ எடுக்க மறந்துபோனோம்.

தம்பி ஒன்றும் சொல்லவில்லை. கையில் இருந்த வேர்க்கடலையில் பாதியை என்னிடம் நீட்டினான். திரும்பி வரும் வழியில் கேளம்பாக்கத்தில் நிறுத்தி எல்லாருமே முட்டை பரோட்டா சாப்பிட்டோம். பில்லை நான்தான் கட்டினேன்.

அடுத்த ஞாயிறு நீங்களும் போவீர்கள். ராடு இருக்கும், ரீல் இருக்கும், சார்ஜ் போட்ட மொபைல் இருக்கும். ஸ்கேல் இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.